சத்து மாத்திரை

வேல்ராஜின் தலையில் முன்பக்கம் இருப்பது நட்ட முடி. பின்னந்தலையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து முன்னால் ஊன்றியது. தாராவியில் அது வேறு யாருக்கும் தெரியாது. பெண் பார்க்கப் போவதற்கு ஒரு வருடம் முன்பு, புனேயில் டிரெய்னிங் என்று அம்மாவிடம் அளந்துவிட்டு, மான்குர்த்தில் சிநேகிதன் அறையில் பதினைந்து நாள் தொப்பியோடு அடைந்து கிடந்தான். முடி வளர்ந்ததும், செம்பூரில் வாங்கிய மூலிகை எண்ணெயின் மகிமை என்றான். அம்மா முப்பிடாதியம்மாள் சந்து முழுக்க அந்த எண்ணெய்க்கு விளம்பரம் செய்தாள்.

நட்டதோடு தொல்லை தீர்ந்ததா என்றால் இல்லை. நட்டது நிற்கும், சுற்றியிருக்கும் சொந்த முடி நிற்க வேண்டுமானால் தினமும் மாத்திரை போட வேண்டும், நிறுத்தினால் நடுத்தலை காலியாகி முன்னால் மட்டும் வேலி போட்ட மாதிரி இருக்கும் என்று கிளினிக்கில் சொல்லியிருந்தார்கள். அவன் மாத்திரையை பிளேடால் நாலாக வெட்டி, ஒரு பழைய வைட்டமின் டப்பாவில் போட்டு வைத்தான். கேட்டவர்களுக்கெல்லாம் அது சத்து மாத்திரை. மனைவி மாரிசெல்விக்கும் அதே பதில்தான். கிங்ஸ் சர்க்கிள் செல்போன் கடையில் நாள் முழுக்கப் பேசிப் பேசி விற்கிறவனுக்கு ஒரு பொய்யை நிறுத்தி வைப்பதா கஷ்டம்?

கல்யாணமான எட்டாம் மாதம் மாரிசெல்விக்கு நாள் தள்ளிப்போனது. அன்றுதான் கிளினிக்கில் சொன்ன இன்னொரு விஷயம் அவனுக்கு ஞாபகம் வந்தது. கர்ப்பிணி இந்த மாத்திரையைச் சாப்பிடக் கூடாது, உடைத்த துண்டைத் தொடவும் கூடாது. வயிற்றில் இருப்பது ஆண் குழந்தையானால் அதன் உறுப்பு சரியாக உருவாகாமல் போகலாம். கல்யாணமே ஆகாதவனுக்கு அப்போது அது காதில் ஏறவில்லை. இப்போது டப்பாவைத் தூக்கி அலமாரியின் உச்சியில் வைத்தான். அதை அம்மா பார்த்துவிட்டாள்.

“ஏல, சத்து மாத்திரைய நீ மட்டும் முழுங்குத. வயித்துப்புள்ளக்காரிக்கு ஒண்ணு குடுத்தா என்ன?”

“அது அவளுக்கு ஆகாதும்மா. ஆம்பளைங்க மட்டும்தான் திங்கணும்.”

அம்மா மறுபேச்சுப் பேசவில்லை. முப்பிடாதியம்மாள் வாயை மூடிக்கொண்டால் ஏதோ முடிவெடுத்துவிட்டாள் என்று பொருள். பெற்ற பிள்ளைக்கு இது தெரியாமல் போனதுதான் வேடிக்கை.

கடைக்கு விடுமுறையான அடுத்த திங்கட்கிழமை, காலையில் அவசரமில்லாமல் டப்பாவைத் திறந்தபோதுதான் கவனித்தான். துண்டுகள் குறைந்திருந்தன.

“இத யாரும்மா எடுத்தா?”

அம்மா வெங்காயம் உரித்தபடியே சொன்னாள். “நாந்தான் அவளுக்குக் குடுக்கேன். ஆறு நாளாச்சு. ஆம்பள திங்குத மாத்திரைன்னா, உள்ள இருக்கதும் ஆம்பளையா நின்னுக்கிடும்லா.”

திருடனுக்குத் தேள் கொட்டிய கதைதான். கத்தினால் எதற்கான மாத்திரை என்று சொல்ல வேண்டும். கத்தாவிட்டால் ஏழாவது துண்டும் உள்ளே போகும். டப்பாவைப் பையில் போட்டுக்கொண்டு, செக்கப் என்று சொல்லி மாரிசெல்வியை சயான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான்.

அங்கே டாக்டர் சைனப்பிடம், மனைவி பக்கத்தில் இருக்கும்போதே, ஒன்றுவிடாமல் இந்தியில் சொன்னான். தாராவியிலேயே பிறந்து வளர்ந்த மாரிசெல்விக்கு ஒரு சொல்கூடத் தப்பவில்லை.

டாக்டர் திட்டவில்லை. குறைந்த அளவு, சில நாள்தான், பெரும்பாலும் ஒன்றும் ஆகாது என்றார். ஆகவே ஆகாது என்று எழுதித் தரத் தன்னால் முடியாது என்றும் சொன்னார். பெண் குழந்தையானால் அந்தக் கவலை இல்லை. அப்படியானால் ஸ்கேனில் என்ன குழந்தை என்று மட்டும் பார்த்துச் சொல்லுங்கள் என்று வேல்ராஜ் கெஞ்சினான். டாக்டர் சுவரைக் காட்டினார். ஆணா பெண்ணா என்று இங்கே சொல்லப்பட மாட்டாது, அது குற்றம் என்று மராத்தியிலும் இந்தியிலும் எழுதித் தொங்கியது. ஆக, பிரசவம்வரை காத்திருக்க வேண்டியதுதான். இன்னும் ஏழு மாதம்.

வெளியே வந்ததும் டப்பாவைக் குப்பையில் எறிந்தான். பஸ் நிறுத்தத்தில் மாரிசெல்வி அவனை விட்டுத் தள்ளிப் போய் நின்றாள்.

“ஏதாவது சொல்லுளா. திட்டவாவது செய்.”

“எங்கப்பாவுக்கு வழுக்கதான். எங்கம்மா ஒருநாளும் அதப் பத்திப் பேசுனதில்ல.”

அவனுக்கு அவமானத்தில் தலை நிமிரவில்லை. “அம்மாட்ட நானே சொல்லிருதேன்.”

“சொல்லக் கூடாது. அவங்க கையால எடுத்துக் குடுத்தது. தெரிஞ்சா உசுர விட்டுருவாங்க.” அவள் அவன் முகத்தைப் பார்க்கவேயில்லை. “இம்புட்டு நாள் நீங்க ஒத்தையா மறைச்சீங்க. இனி நானும் சேந்து மறைக்கணும்.”

வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா கேட்டாள். “டாக்டரு என்ன சொன்னாரு? மாத்திரை டப்பாவ எங்கல காணும்?”

வேல்ராஜ் வாயைத் திறப்பதற்குள் மாரிசெல்வி முந்திக்கொண்டாள். “எல்லாம் நல்லாருக்காம் அத்த. அது வேண்டாமாம். வேற சத்து மாத்திரை எழுதிக் குடுத்திருக்காங்க.”

அம்மாவுக்கு மனம் குளிர்ந்துவிட்டது. மருமகளை மாரியம்மன் படத்தின் முன் நிறுத்தி, நெற்றியில் திருநீறு பூசினாள்.

“ஆம்பளப்புள்ள வேணும்னு வாய்விட்டுக் கேளு தாயி.”

மாரிசெல்வி கண்ணை மூடிக்கொண்டாள். “ஆம்பளப்புள்ள வேணும் தாயே,” என்றாள். அம்மன் அதைக் கேட்டுவிடக் கூடாதே என்று வேல்ராஜ் பக்கத்தில் கைகூப்பி நின்றான்.