மூன்றெழுத்துக் கடிதமும் குய்ஜியின் மேசையும்

லியன் குய்ஜி ஒரு கடிதத்தைப் பிரித்தால், அது எழுதப்பட்ட இடம் அவள் மேசைமேல் வந்து இறங்கிவிடும். வடக்கிலிருந்து வந்த கடிதம் என்றால் ஒரு சாண் உயரத்துக்குப் பனி. துறைமுகத்திலிருந்து என்றால் மீன் வாடையும் நாலு ஈயும். மேசைக்கு ஒரு முழம் தள்ளி நிற்பவர்மேல் ஒரு துளி படாது. ஹெங்தூ தபால் நிலைய வாசலில் இருபது வருடமாக இது நடக்கிறது. ஊரில் யாரும் இதைப் பெரிதாகப் பேசுவதில்லை. சந்தை நாளில் வரிசை நீளம் என்று மட்டும் குறைப்பட்டுக்கொள்வார்கள்.

அவளிடம் வருகிறவர்கள் படிக்கத் தெரியாதவர்கள் என்று நினைத்துவிடக் கூடாது. எழுத்து எல்லாருக்கும் தெரியும், எழுதாததுதான் தெரியாது. யார், எப்போது, எதை என்பதெல்லாம் வாசிக்கிறவருக்குத் தெரியாதா என்ன என்று விட்டுவிடுவது அந்த ஊர் வழக்கம், சீன மொழியும் அதற்குத் தாராளமாக இடம் கொடுக்கும். சுரங்கத்துக்குப் போன ஒரு மகன், 'தீர்ந்துபோயிற்று, மறுபடி அனுப்பவும்' என்று எழுதியிருந்தான். மருந்துதான் என்று தாய் அழுதாள். செருப்பு என்று தகப்பன் அடித்துப் பேசினான். குய்ஜி தாளைப் பிரித்ததும் குப்பென்று ஊறுகாய் வாடை அடித்தது, காலி ஜாடி ஒன்று மேசையில் உருண்டது. இருவரும் ஊறுகாய்க்கு முள்ளங்கி வாங்கப் போய்விட்டார்கள். அந்தக் குறைந்த எழுத்தையும், அதை நம்பி எழுதுகிறவர்களையும் குய்ஜிக்கு அவ்வளவு பிடிக்கும்.

கூடை முடைகிற பீஜூ ஒரு சந்தை நாளில் வந்தாள். அவளுக்கு நிச்சயித்திருந்த ஷான்லின் வடகிழக்குக் காட்டில் மரம் வெட்டப் போய்ப் பதினோரு வருடம். அன்று உச்சிவேளைக்குள், அவளைப் பெண் கேட்டிருந்த அரிசி ஆலை மேற்பார்வையாளருக்கு அவள் ஆம், இல்லை சொல்லியாக வேண்டும். நல்ல மனிதர், குறை சொல்ல முடியாது. பதிலைக் கையோடு வாங்கிப்போகத் கல்யாணத் தரகர் தூ அத்தையும் பின்னாலேயே வந்திருந்தாள். படகோட்டி ருவான் கொண்டுவந்த தபால் கட்டில் ஷான்லின் கையெழுத்தில் ஒரு மடித்த தாள். பீஜூ அதைப் படித்துவிட்டுத்தான் நீட்டினாள். உள்ளே மூன்றே சீன எழுத்து, 'இனி காத்திருப்பதில்லை' என்று.

"அக்கா, யாரு காத்திருக்கல? அவரா, நானா? அத மட்டும் பாத்துச் சொல்லுங்க."

"இதுல என்னடி கேள்வி?" என்றாள் தூ அத்தை. "உன்னைக் கைகழுவிட்டான், அவ்வளவுதான். கிளம்பு, அங்க டீ ஆறிப்போகுது."

குய்ஜி தாளைப் பிரித்தாள். ஒன்றும் வரவில்லை. பனி இல்லை, மரத்தூள் இல்லை, காற்றுகூட அசையவில்லை. இருபது வருடத்தில் இப்படி நடந்ததே இல்லை. ஆறுதலாக ஏதாவது சொல்லிவிடலாம்தான். ஆனால் மேசையில் இல்லாததை அவள் ஒருநாளும் சொன்னதில்லை.

"பரவாயில்லக்கா. அவரு மனசுலயே ஒண்ணும் இல்லபோல" என்று பீஜூ திரும்பினாள். கண் நிறைந்துவிட்டது.

குய்ஜி எட்டி அவள் சட்டைக் கையைப் பிடித்தாள். "நில்லுடி."

எதிர்க் கடை நூடுல்ஸ்காரி கரண்டியால் பானையைத் தட்டினாள். ஒரு தட்டுக்கு இரண்டு சத்தம் கேட்டது. ஒன்று கடையிலிருந்து, ஒன்று தாளிலிருந்து. ஆற்றில் படகு ஊதியது. அதுவும் இரண்டு முறை.

"அட என் புத்தியே!" குய்ஜி நெற்றியில் அடித்துக்கொண்டாள். "ஒண்ணும் வரலன்னு யாரு சொன்னது? நம்ம ஊரேல்ல வந்து உக்காந்திருக்கு! அதான் கண்ணுக்குத் தெரியல. அந்த ஆளு இங்கேயே உக்காந்து எழுதியிருக்கான்டி."

ருவான் அப்படிப்பட்டவர்தான். படித்துறையில் யார் எதைத் திணித்தாலும் கட்டோடு சேர்த்துக்கொள்வார். அதற்குள் தாளின் ஓரத்தில் வெள்ளையாகச் சோப்பு நுரை பொங்கியது. நுரையில் தாடிமயிர் ஒட்டியிருந்தது. ஊரில் இருப்பது ஒரே ஒரு முடிதிருத்தகம், படித்துறைத் தெருவில். சந்தை நாளில் அங்கேயும் வரிசைதான்.

தூ அத்தை வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். "பதினோரு வருஷம் காக்க வெச்சவனுக்கு இன்னிக்கு மூஞ்சி பளபளன்னு இருக்கணுமாக்கும்! நான் போய் டீயைக் குடிச்சிட்டு, இல்லன்னு சொல்லிடுறேன்."

"சவரம் முடியட்டும்டி, அவனே வருவான்" என்றாள் குய்ஜி.

"அதுக்கும் நான் காத்திருக்கணுமா?" என்று கேட்டுவிட்டுப் பீஜூ ஓடினாள். கொஞ்ச நேரத்தில் திரும்ப அந்த வழியே போனாள். கையில் ஒரு ஆளின் மணிக்கட்டு. அவன் கழுத்தில் கடைக்காரரின் துண்டு, ஒரு கன்னம் மழமழவென்றும் மறு கன்னம் நுரையோடும் இருந்தது.

வரிசையில் அடுத்து நின்றவர் மேசையிலிருந்த நுரையைத் தன் கையாலேயே வழித்துப்போட்டார். தன் கடிதம் கப்பலிலிருந்து வந்தது என்று சொல்லி, கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டிவிட்டுக்கொண்டு நீட்டினார்.