புகை போகும் உயரம்

புகையைப் பற்றி முத்துவீரனுக்குத் தெரியாதது ஒன்றே ஒன்றுதான்: அதை வெளியே அனுப்புவது எப்படி என்பது.

கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் முப்பத்தோரு வருஷம் புகைக்கூடத்து மேஸ்திரியாக இருந்தவர். ரப்பர் ஷீட்டுகளைக் கம்பில் தொங்கவிட்டு, கீழே விறகை மூட்டி, நாலு நாள் புகையை உள்ளேயே பிடித்து வைக்க வேண்டும். வெள்ளை ஷீட் தேன் நிறத்துக்கு வர வேண்டும். கூரை இடுக்கில் ஒரு இழை புகை கசிந்தாலும் முத்துவீரனுக்கு மனம் அடித்துக்கொள்ளும். அப்படிப்பட்ட மனிதர் ஓய்வு பெற்று, போர்ட் பிளேருக்கு வந்து, ஜங்லிகாட் மேட்டில் தகரக் கூரை போட்டு வீடு கட்டினால் அடுப்படி எப்படி இருக்கும்? ரப்பர் தொங்கவில்லை, அவ்வளவுதான் குறை.

அந்தக் குறையைத் தீர்க்க அவர் மனைவி அமிர்தவல்லி இருந்தாள். மூன்று மாதமாக அவளுக்கு இருமல். டாக்டர் நெஞ்சில் குழல் வைத்துப் பார்த்துவிட்டு, புகை ஆகாது என்று முடித்துவிட்டார். வீட்டில் கேஸ் அடுப்பு இல்லாமல் இல்லை. அதில் வெந்த சோற்றை முத்துவீரன் இரண்டு நாள் அளைந்து பார்த்துவிட்டு, "ஆஸ்பத்திரிச் சோறு" என்று தள்ளி வைத்ததில், கேஸ் டீ போடுவதோடு நின்றது, சமையல் விறகடுப்புக்கே திரும்பியது. விஷயம் சென்னையில் இருக்கும் மகன் சந்திரசேகர் காதுக்கு எட்டியது. வெள்ளிக்கிழமை கப்பலில் அம்மாவுக்கு ஒரு டிக்கெட் எடுத்துவிட்டான். ஒன்றே ஒன்று.

திங்கட்கிழமை காலை அமிர்தவல்லி அதை அறிவித்தாள்.

"வெள்ளிக்கெழமைக்குள்ள இந்தப் பொகை போவணும். இல்லாட்டி நான் போறேன். மெயின்லேண்டுல மகன் வீட்டுல ஒக்காந்து மூச்சு விட்டுக்கிறேன்."

"போனா எப்ப வருவ?"

"அங்கயும் இருமல் வந்தா வர்றேன்."

முத்துவீரன் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. நாற்பது வருஷத்தில் அவள் இல்லாமல் அவர் சாப்பிட்ட வேளைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஆனால் வாய் சும்மா இருக்குமா? "நான் பாக்காத பொகையா?" என்றது.

"பொகைக் கொழாய் குட்டையா இருக்குங்க. கூரை முகட்டுக்குக் கீழயே நின்னுபோச்சு. கடல்காத்து முகட்டுல மோதி பொகையத் திருப்பி உள்ள அனுப்புது. ஒசத்திக் கட்டுங்க."

"ஒனக்கென்ன தெரியும் பொகையப் பத்தி?"

தினமும் மூன்று வேளை அதைக் குடித்துக்கொண்டே சமைக்கிறவளிடம் கேட்ட கேள்வி இது.

செவ்வாய்க்கிழமை முத்துவீரன் தன் வித்தையைக் காட்டினார். புகைக்கூடத்தில் செய்வதுபோலவே குழாயின் நடுவில் ஒரு தகர மூடியைச் செருகி, வழியைப் பாதியாகக் குறைத்தார். வழி குறுகினால் புகை பதறாமல் வரிசையில் போகும் என்பது அவர் எண்ணம். அடுப்பு பற்றிய கால் மணி நேரத்தில் தேங்காய் மட்டைப் புகை அடுப்படியில் நிற்க இடமில்லாமல் கூடத்துக்கு வந்தது. பல்லிகூட வெளிநடப்புச் செய்தது. அமிர்தவல்லி மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலுக்கு ஓடி வந்தாள். விரலை நீட்டி என்னவோ சொல்ல வந்தாள், இருமல் சொல்லவிடவில்லை. திட்டியிருந்தால் முத்துவீரன் தாங்கியிருப்பார். திட்ட முடியாமல் அவள் நின்றதுதான் அவரை உலுக்கிவிட்டது.

புதன்கிழமை, கட்டிலுக்கு அடியில் கிடந்த பெட்டி கட்டில்மேல் ஏறியது. முத்துவீரன் தகரவேலை செய்யும் மண்டலைக் கையோடு இழுத்து வந்தார். மண்டல் வங்காளத்துக்காரர், ஜங்லிகாட்டில் பாதிக் கூரைகள் அவர் கை பட்டவை. கூரையை ஒரு பார்வை பார்த்தார், காதைச் சொறிந்தார்.

"தாதா, பைப் சோட்டா ஹை. சத் ஸே ஊப்பர் கரோ, பஸ்."

முத்துவீரன் குதித்துக்கொண்டு உள்ளே ஓடினார். "அமிர்தம்! மண்டல் என்னமா கண்டுபுடிச்சிட்டான் பாரு! கொழாய் குட்டையாம்! கூரைக்கு மேல ஒசத்தணுமாம்!"

அமிர்தவல்லி புடவை மடிப்பதை நிறுத்தவில்லை. "அப்படியா? மண்டலுக்கு நல்ல மூளைங்க" என்றாள்.

வியாழக்கிழமை ஆறடி நீளத்துக்குப் புதுக் குழாயும், அதன் தலைக்கு ஒரு தகரத் தொப்பியும் கூரை ஏறின. செருகியிருந்த மூடியைப் பிடுங்கி எறிந்தார் மண்டல். காற்றுக்கு ஆடாமலிருக்க மூன்று பக்கமும் கம்பி இழுத்துக் கட்டினார். கீழே கூடிய தெரு தமிழிலும் இந்தியிலும் தெலுங்கிலும் யோசனை சொன்னது. மண்டல் எல்லாவற்றுக்கும் "டீக் ஹை" என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்த்தார்.

அடுப்பு மூட்டியதும் குழாய் உஸ்ஸென்று ஒரு இழுப்பு இழுத்தது பாருங்கள்! புகை, கல்யாண வீட்டில் முதல் பந்திக்குப் போகிறவனைப் போல முட்டிக்கொண்டு மேலே ஓடியது. அடுப்படியில் சுவர் தெரிந்தது. சுவரில் காலண்டர் தெரிந்தது. அது போன வருஷத்துக் காலண்டர் என்பதும் தெரிந்தது. அமிர்தவல்லி நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து விட்டாள். முத்துவீரனுக்கு அழுகையே வந்துவிட்டது, புகை இல்லாமலே.

மத்தியானம் சூரை மீன் குழம்பு. முதல் கவளத்தை வாயில் வைத்தார். உப்பு இருந்தது, புளி இருந்தது, காரம் இருந்தது, குழம்புதான் இல்லை. புகையோடு ருசியும் கூரை ஏறிப் போய்விட்டது. இத்தனை காலம் தான் தின்றது மீனையா புகையையா என்று அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது.

"எப்படி இருக்கு?" என்றாள் அமிர்தவல்லி. கட்டில்மேல் பெட்டி இன்னும் திறந்தே கிடந்தது.

"அருமை" என்றார் முத்துவீரன். பொய்க்கு வலு சேர்க்க இன்னும் ஒரு கரண்டி வாங்கிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை கப்பல் நாலு மணிக்கு. டிக்கெட்டைப் பற்றி அவள் வாயே திறக்கவில்லை. கேட்க அவருக்குத் தைரியம் வரவில்லை. இரண்டு மணி சுமாருக்கு அவள் பக்கத்து வீட்டுக்குப் போன நேரம் பார்த்து, அடுப்பில் இரண்டு மட்டையைச் செருகிவிட்டு, தட்டில் சோற்றையும் குழம்பையும் போட்டுக்கொண்டு ஏணியில் ஏறினார். சுடுகிற தகரத்தில் சாக்கை விரித்து, முகட்டில் கால் பரப்பி உட்கார்ந்தார். அர்ச்சனைத் தட்டுபோல் இரண்டு கையாலும் தட்டைத் தூக்கி, தொப்பிக்கு அடியில் வரும் புகையில் பத்து எண்ணும்வரை காட்டி, கீழே இறக்கி ஒரு கவளம் உண்டார். ஆகா! மறுபடி தூக்கினார்.

"என்னாங்க!"

கீழே அமிர்தவல்லி நின்றாள். அவளுக்குப் பின்னால் பாதித் தெருவும் நின்றது.

"நேத்து அருமைன்னீங்க?"

"அருமைதான். பொகை மட்டும் கொஞ்சம் கம்மி."

"அதுக்கு இந்த வயசுல கூரையிலயா ஏறுவாங்க?"

இனி மறைக்க என்ன இருக்கிறது? "கீழ பொகை இருந்தா நீ போயிருவ. பொகை இல்லாட்டி எனக்குச் சோறு எறங்கல. அதான் நானே மேல வந்துட்டேன். நீ போவாத அமிர்தம். நான் தெனமும் ஏறி எறங்கிக்கிறேன்."

தெரு சிரித்தது. அமிர்தவல்லி சிரிக்கவில்லை, விறுவிறுவென்று உள்ளே போனாள். பெட்டியை எடுக்கத்தான் போகிறாள் என்று முத்துவீரன் தட்டை மடியில் இறக்கிக்கொண்டார்.

திரும்பி வந்தவள் கையில் குழம்புச் சட்டி இருந்தது. ஏணியில் கூரை விளிம்புவரை ஏறி நின்றுகொண்டாள்.

"டிக்கெட்ட நேத்து ராத்திரியே கேன்சல் பண்ணச் சொல்லிட்டேன்."

"நேத்தேவா? நான் சொன்னத நம்பியா?"

"நம்புறதாவது! நாப்பது வருசத்துல என் சமையல ஒரு நாளாவது அருமைன்னு சொல்லியிருக்கீங்களா? பொய் சொல்லியாவது நான் இங்க இருக்கணும்னு நெனைக்கிற ஆள விட்டுட்டு எங்க போறது? தட்ட நீட்டுங்க."