கோட்டில் நின்ற அறை

செலியக் குன்றின் மேல் ஔலஸ் கட்டிய மாடி அறை, நிமித்திகர் வானம் பார்க்கிற வழியை மறைக்கிறதாம். இடித்தே ஆக வேண்டுமாம். எதிர்க் குன்றின் கோட்டையில் உட்கார்ந்து பறவை வலப்பக்கம் போயிற்றா இடப்பக்கம் போயிற்றா என்று பார்க்கிற பெரிய மனிதருக்கு, ஒரு கிழவன் படுத்துக் கிடக்கிற கூரை கண்ணை உறுத்திவிட்டது. நல்ல நியாயம்!

அவன் மனைவி விபிடியா போய் அவர் காலில் விழுந்தாள். என் புருஷனுக்கு இடுப்புக்குக் கீழே விளங்காது, பனிக்காலத்தைத் தாண்ட மாட்டாரென்று வைத்தியரே கைவிரித்துவிட்டார், சொந்தக் கூரைக்குக் கீழே சாகட்டும், அதுவரை விட்டுவிடுங்கள் என்று அழுதாள். நீங்கள் கொஞ்சம் தள்ளி உட்காரக் கூடாதா என்றும் கேட்டுவிட்டாள். அவர் கோபிக்கவில்லை. ஆசனம் பாட்டன்மார் போட்ட இடம் என்று சொல்லிவிட்டு, நுனி சுருண்ட தன் கோலைத் துடைக்க ஆரம்பித்தார். மறுநாள் விடியலில் லிட்டுவஸ் என்கிற அந்தக் கோலால் வானத்தில் கோடு கிழித்து எல்லை வகுப்பார். கோட்டில் அறை குறுக்கிட்டால் அப்போதே ஆட்கள் ஏறிவிடுவார்கள்.

காதோடு வாய் வைத்து அவள் சொன்னதையெல்லாம் கேட்டு ஔலஸ் சிரித்தான். குதிரைப்படையில் கொம்பு ஊதியே காது மந்தமானவன் அவன். சுவரில் மாட்டியிருந்த அந்தக் கொம்பும் கோலைப் போலவே நுனி வளைந்தது. அதற்கும் லிட்டுவஸ் என்றுதான் பெயர். கோடு கிழிக்கும்போது சத்தமே கூடாது. எலி கீச்சிட்டாலும் சடங்கு கெட்டது, வேறு நல்ல நாள் பார்க்க வேண்டும். அதற்குள் பனி விழுந்துவிடும். அவனுக்கு அது போதும்.

"கொம்ப எடுத்துக் குடுடி. நீ கோட்டைக்குப் போய் நின்னு கேளு."

"நீயா? அடுப்புச் சாம்பல ஊதக்கூட உனக்கு மூச்சு பத்தாது."

"ஒரு படையவே திருப்பின வாய்டி இது. ஒரே மூச்சு போதும்."

விடியலில் அவள் கோட்டைச் சரிவில் கூட்டத்தோடு நின்றாள். தூரத்தில் அவர்கள் வீட்டு ஜன்னலில் வெயில் பட்டது. அப்போதுதான் ஊதுவதாகப் பேச்சு. நிமித்திகர் தலையை மூடிக்கொண்டு கோலை உயர்த்தினார்.

"அமைதி நிலவுகிறதா?"

ஊது, ஊதித் தொலையேன் என்று அவள் ஜன்னலையே பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை.

"நிலவுகிறது" என்றார் பக்கத்தில் இருந்தவர். கோல் வானத்தில் மெதுவாக இறங்கியது.

அவள் ஓட்டமாக வீட்டுக்கு வந்தபோது, கடப்பாரைக்காரர்கள் அவளுக்கு முன்னால் கூரைக்கு ஏணி சாத்திவிட்டார்கள். உள்ளே ஔலஸ் சுவரில் சாய்ந்திருந்தான். உதடு கிழிந்து ரத்தம். முகமெல்லாம் சிரிப்பு.

"கேட்டுச்சா?"

அவள் அவன் காதில் குனிந்தாள்.

"கேட்டுச்சு. கோட்டையே திரும்பிப் பாத்துச்சு."

"நான் சொல்லல?" என்று அவன் நிம்மதியாகக் கண்ணை மூடினான். தலைக்கு மேல் இடிக்கிற சத்தம் அவனுக்குக் கேட்கவில்லை. அவள் அவன் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

முதல் ஓடு பெயர்ந்தது. வெளிச்சம் அவன் முகத்தில் விழுந்தது. கண் திறந்து மேலே பார்த்தான், பிறகு அவளைப் பார்த்தான். கொம்பை ஓரமாகத் தள்ளிவிட்டு, அவள் கையை இறுக்கிக்கொண்டான்.