பனியின் எடை

கணினி அலறியது. கம்சனா தேநீரை வைத்துவிட்டுத் திரைக்குப் பாய்ந்தாள். மலையில் ஆளில்லாமல் நிற்கும் வானிலை நிலையம் அனுப்பிய எச்சரிக்கை அது. இரவிலிருந்து பனியின் உயரம் பன்னிரண்டு சென்ரிமீற்றர் இறங்கியிருந்தது. எடையோ ஏறிக்கொண்டே போனது.

பக்கத்து மேசை வெரோனிக்கா, இருபது வருடமாகப் பவேரிய மலைகளில் பனிச்சரிவைக் கண்காணிப்பவள், உதட்டைப் பிதுக்கினாள். தரையில் பதித்த அந்த எடைத்தட்டு இந்த மாதமே இரண்டு தடவை பொய் சொல்லிவிட்டது, சரிவின் கீழே போகும் சாலையைச் சும்மா மூடினால் ஊர் சிரிக்கும் என்றாள்.

ஆனால் இன்று பொறுப்பு கம்சனாவுடையது. கணிப்புப் பிழையானால், தகுதிகாண் காலம் முடியுமுன்பே வீடுதான்.

செவ்வாய்க்கிழமை அந்தத் தட்டைப் பழுதுபார்த்தவளே அவள்தான். மேலே வெப்பம் இரண்டு பாகை. அப்படியென்றால் பெய்வது மழை. மழை குடித்த பனி ஊறிய அவல் மாதிரி. பார்க்க அமுங்கியிருக்கும், தூக்கினால் கை இறங்கும். பத்தரைக்குச் சாலையை மூடச் சொல்லிக் கையெழுத்திட்டாள்.

பத்து நாற்பதுக்குத் தொலைபேசி அடித்தது. அப்பா சிவகுருநாதன். சித்தப்பாவின் மகன் நிலக்சனுக்கு மலைமேல் இருக்கும் ஊர் விடுதியில் நிச்சயதார்த்தம். அவரும் டோர்ட்மண்ட் நகரிலிருந்து ஒரு பஸ் நிறைய வந்த சொந்தக்காரர்களும் தட்டம், பலகாரத்தோடு சாலைத் தடுப்புக்கு முன்னால் நின்றார்கள். நல்ல நேரம் பன்னிரண்டோடு முடிகிறதாம். ரோட்டை மூடினவனுக்கு மூளை இல்லையென்று பெரிய மாமா முழங்குகிறாராம்.

"பிள்ளை, பத்து நிமிசம் திறந்துவிடன். ஒரு பஸ்தானே."

"ஏலாது அப்பா."

"சனத்துக்கு நான் என்ன பதில் சொல்லுறது?"

"பஸ்ஸுக்குள்ளையே இருந்து பலகாரத்தைச் சாப்பிடுங்கோ எண்டு சொல்லுங்கோ."

அவர் தொலைபேசியை வைத்துவிட்டார். கம்சனா மழை வரைபடத்தைத் திறந்து அடுத்த மூன்று மணி நேரத்தைக் கணக்கிடத் தொடங்கினாள்.

பதினொன்று முப்பத்தைந்துக்கு திரையில் எடையைக் காட்டிய கோடு நின்ற இடத்திலேயே அறுந்து விழுந்தது. சில நொடி கழித்து அலுவலக யன்னல்கள் அதிர்ந்தன. மேல்சரிவின் பனி முழுவதும் இறங்கி, தடுப்புக்கு அப்பால் சாலையை இரண்டு பஸ் உயரத்துக்குப் புதைத்திருந்தது. கீழே ஒருவருக்கும் கீறலில்லை. வெரோனிக்கா எழுந்து வந்து, ஆறிப்போன தேநீரைக் கொட்டிவிட்டுப் புதிதாக ஒன்று கொண்டுவந்து வைத்தாள்.

தொலைபேசி மறுபடி அடித்தது. பின்னால் ஒரே ஆரவாரம். அப்பா அதற்கு மேலால் சத்தமாகச் சொன்னார்.

"மூடினது என்ரை பிள்ளைதான் எண்டு இப்பதான் பஸ்ஸிலை சொன்னனான்."