தண்ணீர் குடிக்கும் படகு

சுத்தியலால் மெல்லத் தட்டிக்கொண்டே வந்த தச்சர், படகின் நடு வயிற்றுக்கு வந்ததும் கையை நிறுத்தினார். அதுவரை நல்ல மரம் 'டக்'கென்றும் உளுத்த மரம் 'தொப்'பென்றும் ஒழுங்காகப் பதில் சொல்லிக்கொண்டு வந்தன. இங்கே சத்தம் இரண்டிலும் சேர்த்தி இல்லை. உள்ளே ஏறி, வருஷக்கணக்காகச் சேர்ந்த குப்பையை வாரிக் கொட்டிப் பார்த்தார். அடியில் சிமெண்ட். மரப்படகுக்குள் சிமெண்ட்.

"அட மகராசா," என்றார், செத்துப்போன ஒரு மனிதரைப் பார்த்து.

அந்த மகராசன் டீச்சரின் முதல் கணவர், பஸ் டிரைவர். தச்சர் இரண்டாமவர். சமையலறைக்கு அலமாரி அடிக்க வந்தவர், வேலை முடிந்த பிறகும் கீல் சரியாக இருக்கிறதா, கதவு இழுக்கிறதா என்று ஏதாவது சாக்கில் வந்துகொண்டே இருந்தார். "இப்படி வந்து வந்து போறதுக்கு இங்கேயே இருந்துடலாமே," என்று டீச்சர்தான் ஒருநாள் பேச்சை முடித்துவைத்தார். கணக்கு டீச்சர், எதையும் இழுத்தடிக்கப் பிடிக்காது.

கொல்லைக் கொட்டகையில் தார்ப்பாய்க்குள் கிடந்த படகைத் தச்சர் ரொம்ப நாள் தொடவில்லை. இன்னொருவருடைய செல்லம் அது. ஆற்றுமுகத்தில் இருந்த ஒரு பட்டறையில், தீவுகளுக்குப் போய் வைத்தியம் பார்க்க ஒரு டாக்டருக்காகச் செய்தது. இரண்டு முனையும் கூர்மை. பலகைகள் மீன் செதில் போல ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும். பாலம் வந்ததும் டாக்டர் காருக்கு மாறிவிட்டார். படகு கை மாறிக் கை மாறி, கடைசியில் ஒரு பண்ணையில் கோழி அடையும் கூண்டாகிவிட்டது. டிரைவர் அதை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, பயணிகள் திட்டத் திட்ட பஸ்ஸை ஓரங்கட்டி, இறங்கிப்போய் விலை பேசினாராம். பட்டறை பிறகு தீப்பிடித்து எரிந்துபோனது. போன மழைக்காலத்தில் அருங்காட்சியகத்திலிருந்து ஒருவர் வந்து பார்த்து, இந்த வகையில் இதையும் சேர்த்து இரண்டுதான் மிச்சம், ஒன்று எங்களிடம் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறது, மிதக்க வாய்ப்புள்ளது இது மட்டும்தான் என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று ராத்திரி தச்சருக்குத் தூக்கம் போச்சு.

சிமெண்டை ஈரத்துணியால் துடைத்தபோதுதான் அது தெரிந்தது. ஒரு பாதம். குட்டிப் பாதம், ஐந்து விரலும் அச்சு அசலாக.

டீ கொண்டுவந்த டீச்சர் டம்ளரை அங்கேயே வைத்துவிட்டு விளிம்பில் சாய்ந்து நின்றார். "பொண்ணுக்கு அப்ப மூணு வயசு. காயறதுக்குள்ள தொபுக்கடீர்னு குதிச்சிட்டா. திட்டுவாருன்னு பார்த்தா, தெருவையே கூட்டிட்டு வந்து காட்டினாரு மனுஷன்."

"சிமெண்டை எடுக்காம முடியாது டீச்சர். உள்ள அடிக்கட்டை பூரா உளுத்துப்போயிருக்கும்."

"அவளுக்கு ஞாபகமே இருக்காது. உடைச்சிடுங்க. சொல்லிக்க வேண்டாம்."

தச்சருக்கு மனசு வரவில்லை. வேறு ஊரில் ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்க்கும் மகளைப் போனில் கூப்பிட்டார். அவராகக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அவள் வந்தால் "சாப்பிட்டியாம்மா" என்பார், "சாப்பிட்டேன் அங்கிள்" என்பாள், அதோடு சரி. சண்டையும் இல்லை, ஒட்டுதலும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தாள். படகுக்குள் குந்தி உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தாள்.

"நீங்க கை வைக்காம இருந்திருந்தா இது இப்படியே இருந்திருக்கும்ல?"

"இருந்திருக்கும்மா. சுத்தி இருக்கிற மரம்தான் இருந்திருக்காது."

அவள் அடுத்த பஸ்ஸைப் பிடித்துப் போய்விட்டாள். தச்சர் கொட்டகையைப் பூட்டிவிட்டு, யார் வீட்டுக்கோ அலமாரி இழைக்கப் போனார். உளி சொன்னபடி கேட்கவில்லை. அவளிடம் கேட்டிருக்கவே கூடாதோ என்று ஒரு நேரம் தோன்றும். கேட்காமல் உடைத்திருந்தால் அந்த வீட்டில் எந்த முகத்தோடு சாப்பிட்டிருப்போம் என்று மறு நேரம் தோன்றும். "ரெண்டும் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டா படகு தானா கரையேறிடுமா?" என்று டீச்சர் முணுமுணுத்தார்.

மாதம் ஒன்று போனது. ஒரு காலை, பழைய சட்டையும் தலையில் கட்டிய துண்டுமாக மகள் கொட்டகை வாசலில் நின்றாள். "முழுசா எடுக்க முடியுமா பார்ப்போம். எங்க தட்டணும், சொல்லுங்க."

விலாக்கட்டைகளை ஒட்டி ஓரம் ஓரமாகத் தட்டினார்கள். வியர்வை கண்ணில் இறங்கியது. மத்தியானத்துக்கு மேல் கட்டி அசைந்தது. இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கினார்கள். பாதி உயர்ந்ததும் 'சடக்'. குதிகாலுக்குக் குறுக்கே இரண்டாகப் பிளந்தது.

தச்சர் கையில் இருந்த பாதிக் கட்டியோடு அப்படியே நின்றுவிட்டார். அவளை நிமிர்ந்து பார்க்கத் தைரியம் வரவில்லை.

"அப்பா கலந்த சிமெண்ட்தானே," என்றாள் அவள். "இவ்வளவு நாள் தாங்கினதே பெரிசு."

சிமெண்ட் இருந்த இடத்தில் அடிக்கட்டைக்குள் விரலை விட்டாள். காய்ந்த டீத்தூள் மாதிரி கறுப்பாக உதிர்ந்தது. "மூடி வச்சா சரியாயிடும்னு நினைச்சிருக்காரு பாருங்க."

"அப்படிச் சொல்லாதம்மா. மரவேலை தெரியாத ஆளு, கைக்குக் கிடைச்சதை வச்சு அடைச்சிருக்காரு. அந்தக் கட்டி பிடிச்சு வச்சிருக்கலேன்னா இது எப்பவோ விறகாயிருக்கும். என் கை வரைக்கும் கொண்டு வந்து சேர்த்தது அவருதான்."

அவள் தலைத்துண்டை அவிழ்த்தாள். பாதத்தின் இரண்டு பாதிகளையும் அதில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு, "அடுத்த ஞாயிறும் வர்றேன்," என்றாள். வந்தாள். புதுக் கட்டைக்குத் துளை போட்டாள், பலகை இடுக்கில் பஞ்சு திணித்தாள், டிரைவர் சுத்தியலால் அடித்து இறக்கியிருந்த திருகாணிகளைப் பிடுங்கும்போதெல்லாம் தச்சரோடு சேர்ந்து சிரித்தாள்.

தண்ணீரில் இறக்கிய அன்று கரையில் கூட்டம். படகு ஒய்யாரமாக மிதந்தது. கொஞ்ச நேரத்தில் எல்லா இடுக்கிலும் ஒழுகியது. அருங்காட்சியகத்துக்காரர் முன்பே சொல்லியிருந்தார்: காய்ந்த மரம், குடிக்கட்டும், ஊறி உப்பினால் தானாக மூடிக்கொள்ளும். ஆழமில்லாத இடத்தில் கட்டி, விளிம்பு வரை நிரம்பவிட்டார்கள். பார்க்க வந்தவர்கள் உச்சுக்கொட்டிவிட்டுக் கலைந்தார்கள். சைக்கிளில் போன ஒருவர் இறங்கி, "அண்ணே, உங்க படகு முங்கிடுச்சு," என்றார்.

"முங்கல தம்பி. தண்ணி குடிக்குது."

டீச்சர் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நடந்துபோய், முங்கிய படகுக்குள் ஏறிப் பின்பலகையில் உட்கார்ந்தார். மார்பளவு தண்ணீர். சுக்கானில் கை வைத்து, எங்கோ போய்க்கொண்டிருப்பவரைப் போல நேராகப் பார்த்தார். மகளும் ஏறி எதிரே உட்கார்ந்தாள்.

"எனக்கு நீச்சல் தெரியாது," என்றார் தச்சர் கரையிலிருந்து.

"முங்கின படகு இன்னும் எங்க முங்கப்போகுது? வாங்க," என்றார் டீச்சர். மகள் சற்று நகர்ந்து இடம் விட்டாள்.

தச்சர் செருப்பைக் கழற்றினார். விளிம்பைப் பிடித்து ஏறி உட்கார்ந்தபோது சட்டை பலூன் போல உப்பி மேலே வந்தது. அதை அமுக்கிக்கொண்டு குனிந்து பார்த்தார். தெளிந்த தண்ணீருக்குள், அவர் இழைத்த பலகைகளின் விளிம்பைத் தாண்டிச் சிறு மீன்கள் ஒவ்வொன்றாக உள்ளே வந்து, மூன்று பேருக்கும் நடுவே ஒரு சுற்றுச் சுற்றி, வந்த வழியே வெளியே போய்க்கொண்டிருந்தன.