தட்டிக்குப் பின்னால்

விருதுநகர் மிளகாய் வத்தல் பேட்டையில் காளிராஜ் தரகனாக இருந்தான். காட்டில் விளைந்ததை மூடையாகக் கட்டிக்கொண்டு வந்து இறங்கும் சம்சாரி வாயைத் திறப்பதற்கு முன்பே, அவன் இன்று விற்றுவிட்டுப் போவானா, திருப்பி வண்டியில் ஏற்றுவானா என்று சொல்லிவிடுவான். முகத்தை அவன் பார்ப்பதில்லை. முகம் பொய் சொல்லப் பழகியது என்பான். கால் எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறது, கை மூடையின் மேல் எப்படிக் கிடக்கிறது என்றுதான் பார்ப்பான்.

1957 தேர்தலில் இந்தத் திறமை அவனை வம்பில் மாட்டிவிட்டது. திருத்தங்கலுக்குப் பக்கத்தில் இருந்த அவன் ஊரில் பாதி நிலம் சங்கையாவுடையது. சங்கையாவின் மைத்துனர் தேர்தலில் நின்றார். எதிர்த்து நின்றது ஒரே ஒருவர்தான்.

“காளி, நீ நம்ம ஏஜெண்டா உள்ள உக்காரு,” என்றார் சங்கையா. “தெக்குத் தெருக்காரனுக இப்பம் தீப்பெட்டி ஆபீசுக்குப் போயி நாலு காசு பாக்கானுக. எவன் எதுல போட்டான்னு எனக்குத் தெரியணும். என் கெணத்துத் தண்ணியக் குடிச்சிட்டு எனக்கு எதிரா எவன் போடுதான்னு பாப்போம்.”

“பெட்டி தட்டிக்குப் பின்னாலல்லா இருக்கும், அய்யா?”

“ஒனக்குத் தட்டி என்னலே? வெளிய வரும்போது பாரு.”

கிணற்றைப் பற்றி அவர் சொன்னதைக் காளிராஜ் சரியாகக் காதில் வாங்கவில்லை. நானூறு பேர் ஒரே காரியத்தை ஒளிந்து செய்துவிட்டு வரிசையாக வெளியே வருவார்கள். அப்படி ஒரு வேடிக்கை பேட்டையில் அவனுக்கு வாய்த்ததே இல்லை. அந்த நினைப்பிலேயே சரி என்றுவிட்டான்.

அப்போதெல்லாம் வேட்பாளருக்கு ஒரு பெட்டி. சீட்டை வாங்கிக்கொண்டு போய், வேண்டியவர் சின்னம் ஒட்டிய பெட்டியில் போட வேண்டும். பள்ளிக்கூடத்தில் ஓலைத்தட்டி கட்டி, அதற்குப் பின்னால் இரண்டு பெட்டிகளையும் வைத்திருந்தார்கள். காளிராஜ் வாக்காளர் பட்டியலை மடியில் விரித்துக்கொண்டு பென்சிலோடு உட்கார்ந்தான்.

முதல் ஒரு மணி நேரம் ஒன்றும் விளங்கவில்லை. பிறகு பிடி கிடைத்தது. சொன்னபடி போட்டவன் வெளியே வந்ததும் வாசல் பக்கம் பார்த்தான். அங்கே வேப்பமரத்தடியில் சங்கையா நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மாற்றிப் போட்டவன் மை வைத்த விரலைப் பார்த்துக்கொண்டே நடந்தான்; அவன் பெயருக்கு நேராக ஒரு புள்ளி. நாகையா என்ற கிழவர் உள்ளே போகும்போது சும்மா போனார். வெளியே வந்ததும் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு காளிராஜுக்கே ஒரு கும்பிடு போட்டார். காளிராஜ் சிரிப்பை அடக்கிக்கொண்டு அவர் பெயருக்கு நேராகப் புள்ளி வைத்தான். மத்தியானத்துக்குள் நாற்பது புள்ளிகளுக்கு மேல் விழுந்துவிட்டன.

மூன்று மணிக்குத் தெற்குத் தெரு அய்யம்மாள் வந்தாள். திருத்தங்கல் தீப்பெட்டி ஆபீசில் மரச்சட்டத்தில் குச்சி அடுக்குகிறவள். தட்டிக்குப் பின்னால் போனவள் வரவே இல்லை. “சீக்கிரம் போட்டுட்டு வாம்மா,” என்று அதிகாரி இரண்டு தடவை குரல் கொடுத்தார். அதன் பிறகே வந்தாள். வாசலையும் பார்க்கவில்லை, விரலையும் பார்க்கவில்லை. தண்ணீர்க் குடத்தை இறக்கி வைத்தவளின் கழுத்தைப் போல அவள் கழுத்து லேசாக இருந்தது. இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா? காளிராஜின் பென்சில் அந்தரத்தில் நின்றது.

அன்றைக்குச் சாப்பாடே அவனுக்கு இறங்கவில்லை. மறுநாள் காலையில் விருதுநகர் பஸ்ஸுக்கு நிற்கையில், தூக்குவாளியோடு நடந்து வந்த அவளை வழிமறித்தே கேட்டுவிட்டான்.

“நேத்து உள்ள அம்புட்டு நேரம் என்ன செஞ்ச?”

அவள் நின்றாள். “எதுக்குக் கேக்கீக அண்ணாச்சி?”

போன வருஷம்வரை அவனைச் ‘சாமி’ என்று கூப்பிட்டவள்.

“சும்மாதான். எதுல போட்டேன்னு கேக்கல. என்ன செஞ்சேன்னுதான் கேக்கேன்.”

“ஒண்ணும் செய்யல, நின்னேன்.” கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள். “வீட்டுல மாமியா பாத்துக்கிட்டே இருப்பா. ஆபீசுல கணக்கப்பிள்ளை பாப்பாரு. களையெடுக்கப் போனா வரப்புல அய்யா நிப்பாக. அந்தத் தட்டிக்குப் பின்னால ஒருத்தருமே என்னயப் பாக்கல. நல்லா இருந்துச்சு. அதான் கொஞ்ச நேரம் நின்னுக்கிட்டேன்.”

அவன் வழியை விட்டு ஒதுங்கினான்.

“வெளிய வந்தா, நீங்க பாத்துக்கிட்டு இருந்தீக,” என்று சொல்லிவிட்டு அவள் நடந்தாள்.

பஸ் வந்தது. காளிராஜ் ஏறி உட்கார்ந்து மடியிலிருந்த பட்டியலை எடுத்தான். நேற்று ஒவ்வொரு புள்ளியும் ஒரு விடுகதையை அவிழ்த்த மாதிரி இருந்தது. இப்போது புள்ளிகளுக்குப் பக்கத்தில் இருந்த பெயர்களைப் படித்தான். கிழவர் நாகையாவின் வீட்டில் கைப்பிள்ளையோடு ஒரு மருமகள் இருந்தாள். அவர்களும் அந்தக் கிணற்றுத் தண்ணீரைத்தான் குடிக்கிறார்கள். பேட்டையில் இறங்கியதும் ஒரு ரப்பர் வாங்கி, வத்தல் மூடைமேல் உட்கார்ந்து ஒவ்வொன்றாக அழித்தான்.

வாக்கு எண்ணி முடிந்தது. மைத்துனர் ஜெயித்துவிட்டார். ஆனால் சொந்த ஊரில் எழுபது சீட்டுகள் எதிராளியின் பெட்டியில் கிடந்தன. சங்கையா ஆள் விட்டுக் காளிராஜைக் கூப்பிட்டார்.

“லிஸ்ட் எங்கலே?”

காளிராஜ் கொடுத்தான். அவர் புரட்டிப் பார்த்தார்.

“ஒண்ணையும் காணோம்?”

“புடிபடலய்யா. தட்டிக்குப் பின்னால போயிட்டா மனுசங்க மாறிப் போறாக.”

பொய் சொல்லும்போது தன் வலதுகால் கட்டைவிரல் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தது அவனுக்கே தெரிந்தது. நிறுத்தப் பார்த்தான், நிற்கவில்லை. சங்கையா அவன் முகத்தையே வெகுநேரம் பார்த்தார். கீழே பார்க்கவில்லை.

“போ,” என்றார்.

எழுபது பேர் யார் என்று தெரியாததால் கிணற்றை யாருக்கும் மூட முடியவில்லை. எல்லாருக்கும் மூடினால் களையெடுக்க ஆள் கிடைக்காது. ஆனால் அந்த சீசனில் சங்கையாவின் வத்தல் மொத்தமும் வேறு தரகரிடம் போய்விட்டது.

“ஏன் போச்சு?” என்று காளிராஜின் மனைவி ராக்காயி கேட்டாள். சோறு போட்டுக்கொண்டிருந்தவளிடம் அவன் நடந்ததையெல்லாம் சொன்னான். கேட்டு முடித்ததும் அவள் கரண்டியை நிறுத்தினாள்.

“அம்புட்டுப் பேரையும் பாத்தீகளே, நான் எதுல போட்டேன், சொல்லுங்க.”

காளிராஜ் சோற்றிலிருந்து கையை எடுத்தான். ராக்காயி அன்று எப்போது வந்தாள், எப்படிப் போனாள் என்று நினைத்துப் பார்த்தான். பச்சைச் சேலை கட்டியிருந்தாளோ? அதுகூட நிச்சயமில்லை. நம்ம வீட்டு ஆள்தானே என்று தலையைத் தூக்கவே இல்லை.

இப்போது அவளை அடிமுதல் முடிவரை பார்த்தான். அவள் அசையாமல், கரண்டியும் கையுமாக, பார்த்துக்கொள்ளட்டும் என்று நின்றாள்.

“தெரியலையே,” என்றான்.

“கொழம்பு ஊத்தவா?” என்றாள் ராக்காயி.