இரும்படித்த ஆக்கள்

யாழ்ப்பாணத்துத் தகப்பன்மாருக்கு மருமகனைப் பிடிக்கிறதோ இல்லையோ, மருமகனின் பாட்டனைப் பிடித்தாக வேண்டும். இராசதுரையர் மட்டும் இதற்கு விலக்கா என்ன? ஒஸ்லோவுக்கு வந்த நாள்முதல் தபால் பிரிக்கும் வேலை, நோர்வேக்காரரோடு தோளில் கைபோட்டுக் கதை எல்லாம் சரிதான். ஆனால் பெண் கேட்டு யாராவது வந்தால் உடனே தொலைபேசியைத் தூக்கிவிடுவார். லண்டனுக்கு ஒன்று, ரொறன்ரோவுக்கு ஒன்று. "ஆக்கள் ஆர்?" என்ன சாதி என்பதுதான் அந்தக் கேள்வியின் பொருள்.

மூத்தவள் துஷ்யாவின் வாழ்க்கை அந்தத் தொலைபேசியில்தான் நாசமாய்ப் போனது. லதீசன் ஒஸ்லோவிலேயே பியோர்ண்டால் பகுதிப் பொடியன். படித்தவன், ஆஸ்பத்திரியில் நல்ல வேலை, குடி சிகரெட் ஒன்றும் கிடையாது. லண்டன் பெரியப்பா விசாரித்துச் சொன்னார், பொடியனின் அப்பப்பா ஊரில் கொல்லுப்பட்டறை வைத்திருந்தவராம். முடிந்தது. "இரும்படிக்கிற ஆக்களுக்கு நான் பொம்பிளை குடுக்கிறேல்லை" என்றார் இராசதுரையர். வீட்டு வாசலுக்குக்கூட அவனை வரவிடவில்லை. அவன் தூரத்துப் பேர்கன் நகரில் வேலை எடுத்துக்கொண்டு போய்விட்டான். துஷ்யா அதற்குப் பிறகு வந்த சம்பந்தங்களை எல்லாம் தட்டிக் கழித்துக்கொண்டே இருந்தாள்.

இப்போது இளையவள் கம்சிகா ஓர் அமெரிக்கனைக் கட்டப் போகிறேன் என்கிறாள். பெயர் வெஸ்லி. ஒஸ்லோவில் எண்ணெய்க் கம்பனியில் வேலை. வீட்டில் பெரிய பூகம்பம் வெடிக்கும் என்று பார்த்தால், ஒரு மண்ணும் இல்லை. "வெள்ளைக்காரருக்குச் சாதியோ சனமோ, ஆர் கேக்கப்போயினம்?" என்று சொல்லிவிட்டு இராசதுரையர் ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு ஆட்டிறைச்சியா கோழியா என்று யோசிக்கப் போய்விட்டார். துஷ்யாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் கம்சிகா குசினிக்குள் வந்து அந்தக் கதையை எடுத்தாள்.

"அக்கா, அப்பா பரம்பரை எல்லாம் கேப்பார் எண்டு வெஸ்லிக்குச் சொன்னனான். அவருக்கு ஒரே புளுகம், சந்தோசத்திலை துள்ளுறார். ஏழு தலைமுறை தேடி வைச்சிருக்கிறார், இக்கே சன்ட்?" 'அப்படித்தானே' என்பதை அவள் நோர்வேஜிய மொழியில்தான் சொல்வாள்.

"என்ன வேலை செய்த ஆக்களாம்?"

"இரும்பு வேலை. எல்லாரும் கொல்லர்."

துஷ்யா கையிலிருந்த வெங்காயத்தை வைத்துவிட்டு யன்னலடிக்குப் போனாள், திரும்பி வந்தாள், மறுபடியும் போனாள். இந்தக் கொல்லர்களின் பேரனை அப்பா மருமகனாக ஏற்றுக்கொண்டால், அந்தக் கொல்லனின் பேரனை எந்த வாயால் வேண்டாம் என்பார்? லதீசன் இன்னும் தனியாகத்தான் இருக்கிறான் என்பது அவள் நினைப்பு. இன்றைக்கு அப்பா ஓம் என்றால் நாளைக்கே பேர்கனுக்குப் போன் எடுக்கலாம். இல்லை என்றால் தங்கச்சியின் வாழ்வும் போச்சு, தன்னுடையதும் போச்சு. வெங்காயத்தை அரைகுறையாக வெட்டிவிட்டு மறுபடியும் நடக்கத் தொடங்கினாள்.

"ஒரு இடத்திலை நில்லன் பிள்ளை, எனக்குத் தலை சுத்துது" என்றாள் அம்மா யோகாம்பாள்.

வெஸ்லிக்கு ஆங்கிலம் தவிர வேறொன்றும் வராது. இராசதுரையருக்குத் தமிழும் நோர்வேஜிய மொழியும்தான், அதிலும் கலியாணப் பேச்சென்றால் தமிழில்தான் கதைப்பார். கம்சிகாவின் தமிழ் பாலர் வகுப்போடு நின்றுபோன தமிழ், குசினிக் கதைக்கு மட்டும்தான் காணும். ஆகவே நடுவில் துஷ்யா. அவளுடைய தொழிலே அதுதானே, ஆஸ்பத்திரியிலும் கோர்ட்டிலும் மொழிபெயர்ப்பாளர். அந்தத் தொழிலில் 'அவர் சொல்கிறார்' என்ற பேச்சே கிடையாது. சொல்பவரின் வாயாகவே நின்று 'நான்' என்றுதான் சொல்ல வேண்டும். ஒன்றையும் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது.

வெஸ்லி வந்தான். நெட்டையன், சிவந்த காது. உறைப்புக் குறைத்த கோழிக்கறியைச் சாப்பிட்டுக் கண்ணீர் விட்டான். பாதிச் சாப்பாட்டில் இராசதுரையர் பழக்கதோஷத்தில் கேட்டே விட்டார்.

"தம்பி, உங்கடை ஆக்கள் பரம்பரையாய் என்ன செய்தவை?"

வெஸ்லியின் முகம் மலர்ந்துவிட்டது. கையை ஆட்டி ஆட்டிச் சொன்னான். துஷ்யா தகப்பனின் முகத்தை நேராகப் பார்த்துத் தமிழில் சொன்னாள்:

"என்ரை முதல் பாட்டன் இந்த நோர்வேயிலை ஒரு இரும்பாலையிலை சம்மட்டி அடிச்சவர். அமெரிக்கா எண்டொரு நாடு உருவாக முந்தியே கப்பலேறிப் பென்சில்வேனியாவுக்குப் போனவர். காட்டிலை மரம் வெட்டிக் கரி சுட்டு, கல்லாலை உலை கட்டி, இரும்பு உருக்கினவை. சட்டி, அடுப்பு, கலப்பை, சண்டைக்குப் பீரங்கிக் குண்டு, எல்லாம் அடிச்சவை. அவரின்ரை மகனும் கொல்லன், பேரனும் கொல்லன்."

கம்சிகா மேசைக்குக் கீழே அக்காவைக் காலால் உதைத்தாள். யோகாம்பாளின் அகப்பை பாதியில் நின்றது.

"நாங்கள் ஏழு தலைமுறை இரும்படிச்ச ஆக்கள்" என்றாள் துஷ்யா. "அதைச் சொல்ல எனக்கு வலு பெருமை. உங்கடை மகளைக் கட்ட விரும்புறன். நீங்கள் சம்மதிக்க வேணும்."

லதீசன் இந்த வீட்டுக்குள் வந்து சொல்லியிருக்க வேண்டிய சொற்கள் இவை. அவனை ஒருவரும் சொல்ல விடவில்லை.

இராசதுரையர் சோற்றைப் பார்த்தார். வெஸ்லியைப் பார்த்தார். பிறகு மனைவியின் பக்கம் திரும்பி மேசையில் ஓங்கித் தட்டினார்.

"அட, இஞ்சையிருந்தே போன ஆக்கள்! இஞ்சேரப்பா, எங்கடை பாட்டன்ரை தேப்பன் பேரே எங்களுக்குத் தெரியாது. இவையின்ரை பழம்பெருமையைப் பார்! எனக்கு முழுச் சம்மதம் எண்டு சொல்லு பிள்ளை."

துஷ்யா சொன்னாள். கம்சிகா அழுதாள், சிரித்தாள். வெஸ்லி எழுந்து வந்து மாமனாரின் கறிக்கையைப் பிடித்துக் குலுக்கினான். அந்தக் கும்மாளம் அடங்கும்வரை துஷ்யாவுக்குப் பொறுமை இருக்கவில்லை.

"அப்பா, இவ்வளவு நேரமும் அவரின்ரை வாயாலை கதைச்சனான். இனி என்ரை வாயாலை கேக்கிறன். லதீசன்ரை அப்பப்பாவும் இதே வேலைதானே செய்தவர்?"

"அது வேற."

"என்ன வேற?"

"அது எங்கடை ஆக்களுக்கை, பிள்ளை. நாலு சனம் கதைக்கும். இவை வெள்ளைக்காரர்." இராசதுரையர் குரலைத் தாழ்த்தினார். "உதுகளை அவருக்குச் சொல்லிப்போடாதை."

துஷ்யா சொன்னாள். தன் கேள்வியையும் அவர் பதிலையும் ஒரு சொல் விடாமல், சொல்ல வேண்டாம் என்று அவர் சொன்னதையும் சேர்த்தே சொன்னாள். வெஸ்லியின் காது இன்னும் சிவந்தது. கரண்டியை வைத்துவிட்டு மெதுவாக ஏதோ கேட்டான். அதையும் தமிழாக்கினாள்:

"லதீசன் உங்களுக்கு வேண்டாம் எண்டால், நான் மட்டும் எப்பிடி இந்த மேசையிலை இருக்கிறது? அவரையும் கூப்பிடுங்கோவன்."

இராசதுரையர் பதில் சொல்ல வாயெடுத்தார். மகளின் முகம் கண்ணில் பட்டது. அந்த முகத்தை அவர் கவனித்து எத்தனையோ காலம். சோற்றுத் தட்டைத் தள்ளிவைத்தார். கடைசியில் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்.

"சரி. வரச்சொல்லு. நான் அவரோடை கதைக்கிறன்."

துஷ்யா எழுந்தே விட்டாள். கைப்பை எங்கே, போன் எங்கே என்று தேடினாள்.

"துஷ்யா, இரு" என்றாள் யோகாம்பாள். "போன மாசம் பேர்கனிலை லதீசனுக்குக் கலியாணம் முடிஞ்சுதாம். கோயிலிலை நேசமணி சொன்னவ. உனக்கு எப்பிடிச் சொல்லுறதெண்டு தெரியாமல் இருந்திட்டன், என்ரை குஞ்சு."

வெஸ்லிக்கு ஒன்றும் விளங்கவில்லை. நல்ல செய்தி ஏதோ என்று நினைத்துச் சிரித்த முகத்தோடு துஷ்யாவைப் பார்த்தான், அவள் ஆங்கிலத்தில் சொல்வதற்காக. அவள் வாயைத் திறந்தாள். ஒரு சொல்லும் வரவில்லை.

கம்சிகாதான், தலையைக் குனிந்துகொண்டு, அதை அவனுக்குச் சொன்னாள்.